ஊர் என்ற நிரல்

அந்தப் பள்ளிக்கூட அலுவலகத்தில் எனக்குக் கிடைத்தது பத்து மாத வேலை. இரும்பு அலுமாரியில் இருந்த மாணவர் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கணினியில் ஏற்ற வேண்டும். கணினித் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா முடித்து எட்டு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டேன். எட்டிலும் கனடிய அனுபவம் இல்லை என்றார்கள். இது ஒன்பதாவது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, எனக்கு இருபத்துமூன்று வயது. பள்ளிக்கூடம் வெக்ஸ்போர்ட்டில், லோரன்ஸ் அவென்யூவிலிருந்து சற்று உள்ளே இருந்தது.

அலுவலகத்தை நடத்தியவர் ஒரு ஜேர்மன் பெண்மணி. அதிபர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறினார்கள், அவர் மாறவில்லை. சாவிகள், மணி, ஆசிரியர் விடுப்பு, உடைந்த கதிரை, பேன் பிடித்த பிள்ளையின் வீட்டுக்குச் சொல்ல வேண்டிய சேதி என்று எல்லாமே அவருடைய மேசையைத் தாண்டித்தான் போகும். இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் அவரை ஜேர்மன் அன்ரி என்றார்கள். அவர் எல்லோரையும் மிஸ், மிஸ்டர் போட்டுத்தான் அழைப்பார், ஏழு வயதுப் பிள்ளைகளைக்கூட.

காலை ஒன்பது இருபதுக்கு வரவு இடாப்புகள் வந்துவிடும். வராத பிள்ளைகளின் வீடுகளுக்கு அவரே தொலைபேசி எடுப்பார். பத்து மணிக்குள் ஒவ்வொரு பிள்ளையும் எங்கே என்று தெரிந்தாக வேண்டும். அதற்காக யாரிடமோ மூன்று தமிழ் வசனங்கள் கேட்டுப் பாடமாக்கியிருந்தார். "பிள்ளை வரேல்லை. ஏன்? காய்ச்சலோ?" ஒரு தாய் என்னைத் தனியே பிடித்துக் கேட்டாள்.

"உங்கட ஒஃபிஸில யாழ்ப்பாணத்து ஆம்பிளை ஒருத்தர் வேலை செய்யிறாரோ? ஒவ்வொரு காய்ச்சலுக்கும் எடுத்து அதட்டுறார்."

செப்டெம்பர் முடிவதற்குள் அட்டைகளின் எண்ணிக்கையை வகுப்பு இடாப்புகளோடு ஒப்பிட்டேன். ஒன்று குறைந்தது. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் அட்டை. எண்கள் பொருந்தாவிட்டால் எனக்கு அடுத்த வேலை ஓடாது. அவரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் தன் மேசை இழுப்பறையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்துப் பின்பக்கத்தை மட்டும் காட்டினார்.

"இது கணினிக்குப் போகாது, மிஸ்."

"எல்லாம் போக வேண்டும் என்றுதானே..."

"இது போகாது. தகப்பன் தேடுகிறான். கண்ட இடத்தில் தாயைக் கொல்வேன் என்று சொல்லியிருக்கிறான், ஒருமுறை முயன்றும் பார்த்திருக்கிறான். நீதிமன்றக் கடிதம் இதோடு இருக்கிறது. உங்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்."

அன்றிலிருந்துதான் இன்னொன்றையும் கவனித்தேன். பிற்பகல் மூன்று இருபதுக்கு, பள்ளி விடும் நேரத்தில், அவர் எந்த வேலையையும் வைத்துவிட்டு முன்பக்க யன்னலருகில் போய் நிற்பார். அந்தச் சிறுமி வாசலைத் தாண்டி, வீதியின் மறுபக்கத்தில் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் தாயின் கையைப் பிடிக்கும்வரை பார்ப்பார். எனக்கு அந்தத் தாய் தொலைவில் தலையை மூடிய ஓர் உருவம் மட்டும்தான். கை பிடிபட்டதும் அன்ரி திரும்பி வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தட்டச்சைத் தொடருவார்.

சனிக்கிழமைகளில் அவர் பக்கத்துத் தேவாலயத்தின் பேஸ்மென்டில் தொண்டு செய்தார். குளிர் தொடங்குமுன் பாவித்த ஜாக்கற், சப்பாத்து, கையுறை எல்லாம் சேர்த்துப் புதிதாக வந்த குடும்பங்களுக்குக் கொடுப்பார்கள். வந்தவர்களில் பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள். அதனால் என்னையும் கூப்பிட்டார். சிறு வயதில் தன் நகரம் எரிந்த பிறகு ஒரு குளிர்காலம் முழுக்கத் தாயோடு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்திருந்ததாக ஒருமுறை சொன்னார். பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்து, வீடுகளைத் துப்புரவாக்கி, மாலை வகுப்பில் தட்டச்சுப் படித்தவர். நானும் பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்தவள்தான். அதனால் மேலே எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

பேஸ்மென்டில் எல்லாம் கடதாசித் துண்டுகளில் நடந்தது. யாருக்கு என்ன அளவு, யார் ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள் என்பது அன்ரியின் தலைக்குள் மட்டும் இருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வீட்டில் இரண்டு மாலை உட்கார்ந்து ஓர் அட்டவணை செய்தேன். முதல் நிரலில் பெயர். அடுத்து எத்தனை பேர், வயதும் அளவும், எந்தக் கட்டடம். ஐந்தாவது நிரலில் ஊர்.

அன்ரி ஐந்தாவதில் விரலை வைத்தார். "இது என்ன?"

"இலங்கையில் எந்த ஊர் என்பது. ஒரே ஊர்க்காரர் பக்கத்தில் இருந்தால் ஒருவருக்கொருவர் உதவுவார்கள். கல்யாணம், செத்த வீடு எல்லாவற்றுக்கும் ஊர்தான் எங்களுக்கு முதல். நாங்கள் எப்படியும் கேட்போம்."

"எப்படியும் கேட்பீர்களா?"

"ஓம்," என்றேன் தமிழில். அவர் சிரித்துவிட்டு விரலை எடுத்தார்.

ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை, மூடுகிற நேரம். அன்ரி மேலே ஆராதனை மண்டபத்தில் கதிரை அடுக்கப் போயிருந்தார். மெலிந்த பெண் ஒருத்தி படியிறங்கி வந்தாள். நான் படிவத்தை எடுத்தேன்.

"பேர் சொல்லுங்கோ அக்கா."

சொன்னாள்.

"எத்தினை பேர்?"

"நானும் மகளும். அவளுக்கு ஏழு வயசு. கொஞ்சம் பெரிய சைஸாத் தாங்கோ, வாற வருசமும் போடலாம்."

"எந்தக் கட்டடம்?"

கட்டடத்தைச் சொன்னாள், மாடியைச் சொல்லவில்லை.

"ஊர்?"

நிமிர்ந்து பார்த்தாள். "அது என்னத்துக்குத் தங்கச்சி?"

"சும்மாதான் அக்கா. ஊராக்கள் ஆரும் கிட்ட இருந்தா உதவியா இருக்குமெல்லே. எல்லாரும் எழுதியிருக்கினம், பாருங்கோ."

தாளைத் திருப்பிக் காட்டினேன். அவள் மேலிருந்து கீழாகப் பார்த்தாள். எங்களில் ஒருவரை இன்னொருவர் ஊர் கேட்டால் சொல்லாமல் விடுவது முகத்தில் அடிப்பது போன்றது. பெயரை மாற்றிச் சொல்லலாம், அது நாக்கில் இருப்பது. ஊரை மாற்றிச் சொன்னால் அடுத்த கேள்வியிலேயே பிடிபடும்: கோயிலுக்கு எந்தப் பக்கம், யாருடைய வீட்டுக்குக் கிட்ட. அவள் சொன்னாள். கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். என் அட்டவணையில் அந்த ஊர் வேறு எவருக்கும் இல்லை. புதிய ஊர் ஒன்று சேர்ந்ததில் எனக்குச் சின்னச் சந்தோசம்கூட.

சிறுமியின் அட்டையை நான் பார்த்ததில்லை. தாயின் முகத்தையும் அதுவரை பார்த்ததில்லை. அவள் சொன்ன பெயர் அவளுடையது அல்ல. இவற்றை இப்போது வரிசையாக எழுதும்போது எனக்கு நானே சாட்சி சொல்வது போலத் தெரிகிறது. அதற்காக எழுதவில்லை.

நவம்பரில் எங்கள் ஆள் ஒருவர் பேஸ்மென்டுக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும், சுத்தமாகச் சவரம் செய்த முகம். ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு வந்தவர், அன்ரியின் ஆங்கிலத்தைக் கேட்டதும் சட்டென்று ஜேர்மனுக்கு மாறினார்.

அன்ரி கையிலிருந்த சப்பாத்துச் சோடியை மேசையில் வைத்தார். அவருடைய முகம் அப்படி மாறி நான் கண்டதில்லை. இருவரும் கால் மணி நேரம் கதைத்தார்கள். அன்ரி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். வந்தவர் பன்னிரண்டு வருடம் அந்த நாட்டில் பேக்கரி ஒன்றில் வேலை செய்தவராம். பேக்கரி இருந்த இடம் அன்ரியின் ஊருக்கு ரயிலில் இரண்டு ஸ்டேசன். அந்தப் பக்கத்துப் பேச்சு வழக்கிலேயே கதைத்தாராம். தாய் செத்த பிறகு அந்தப் பேச்சைக் காதால் கேட்கவில்லை என்று அன்ரி பிறகு என்னிடம் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை உடுப்புத் தரம் பிரிக்கும் பெண்கள் தொடங்கிவிட்டார்கள்.

"அண்ணை, அன்ரி இண்டைக்கு லிப்ஸ்ரிக் போட்டிருக்கிறா, பாத்தியளே?"

"சும்மா இரும் பிள்ளை. அது குளிருக்குப் பூசிறது."

"எங்களுக்கும் குளிருதுதானே, எங்களோட ஜேர்மன் கதைக்க ஆள் இல்லையே!"

"நீங்கள் தமிழே ஒழுங்காக் கதைக்கமாட்டியள், உங்களோட என்னத்தை..."

பெண்கள் கூவினார்கள். அந்த அண்ணை பாரமான பெட்டிகளைத் தூக்கினார். வயதானவர்களைக் கைபிடித்துப் படியேற்றினார். நான் ஊர் கேட்டேன். பெரிய ஊர் ஒன்றின் பெயரைச் சொன்னார். அடுத்த கேள்வி கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு பெரிய ஊரில் யாரை யார் அறிவார்?

மூன்றாவது சனிக்கிழமை என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, சனம் பாவம், பெட்டியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில போகுதுகள். என்னட்டைக் கார் நிக்குது. மிச்சச் சாமானுகளை நான் கொண்டுபோய்க் குடுக்கிறன். லிஸ்ற் ஒண்டு தாருமன்."

ஏழு பிரதிகள் எடுத்திருந்தேன், தொண்டர்களுக்கு. ஒன்றைக் கொடுத்தேன். அவர் நின்றபடியே வாசித்தார். அவருடைய விரல் முதல் நிரலில் போகவில்லை. ஐந்தாவதில் இறங்கியது, மெதுவாக, இரண்டாம் பக்கம் வரை. பிறகு ஓரிடத்தில் நின்று, இடப்பக்கமாக நகர்ந்தது. தன் ஊராட்களைத் தேடுகிறார் என்று நினைத்தேன். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள்.

"வடிவாச் செய்திருக்கிறீர்," என்றார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

அவருடைய விரல் நின்ற கட்டடத்துக்கு இருபது மாடி. எந்த மாடி என்று தெரியாமல் கதவு கதவாகத் தட்ட முடியாது. ஆனால் அந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லோரும் வருவது எங்கள் பள்ளிக்கூடத்துக்கு. ஏழு வயது என்றால் இரண்டாம் வகுப்பு. இதைக் கண்டுபிடிக்கக் கணினி தேவையில்லை.

டிசெம்பர் முதல் கிழமை, ஒரு புதன்கிழமை. மூன்று இருபது. அன்ரி யன்னலருகில் நின்றார். நான் பின்னால் அச்சுப்பொறிக்குத் தாள் போட்டுக்கொண்டிருந்தேன். "அட," என்று அவர் சந்தோசமாகச் சொன்னது கேட்டது. எட்டிப் பார்த்தேன். வேலியோரம் பேஸ்மென்ட் அண்ணை நின்றார். தொப்பி இல்லை, கைகள் ஜாக்கற் பைகளுக்குள். அன்ரி அவரை நோக்கிக் கையை உயர்த்தினார்.

அந்த நேரம் சிறுமி வாசலுக்கு வந்தாள். படியில் நின்றாள். அழவில்லை, கத்தவில்லை. வந்த வழியே திரும்பி, மற்றப் பிள்ளைகளை விலக்கிக்கொண்டு உள்ளே நடந்து, அலுவலகத்துக்குள் வந்து என் மேசைக்குக் கீழே இருந்துகொண்டாள்.

"என்னம்மா?" என்றேன்.

"அப்பா நிக்கிறார்."

நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்ரியின் உயர்த்திய கை இன்னும் கண்ணாடியில் இருந்தது. அவர் கையை இறக்கி மணிக்கூட்டைப் பார்த்தார். அன்று தாயைப் பஸ் நிறுத்தத்தில் காணவில்லை. பஸ் பிந்தியிருந்தது. எந்த நிமிடமும் அவள் அவனுக்கு முன்னால் இறங்கக்கூடும்.

அன்ரி கோட்டுப் போடாமல் வெளியே போனார். நேரே அவனிடம் போய், சிரித்து, கையைக் குலுக்கினார். பிறகு அவனுடைய கைக்குள் தன் கையைக் கோர்த்துக்கொண்டார், வயதானவர்கள் வழுக்கும் என்று பிடிப்பது போல. பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ப்பக்கமாக, மூலையில் நின்ற அவனுடைய காரை நோக்கி அவனை நடத்திக்கொண்டு போனார். ஜேர்மனில் கதைத்துக்கொண்டே போனார். அவன் இருமுறை திரும்பிப் பார்த்தான். இரண்டு முறையும் அவர் ஏதோ சொல்லி அவனைத் தன் பக்கம் திருப்பினார்.

பஸ் வந்தது. நான் ஓடினேன். தலையை மூடிய உருவம் இறங்கியது. நான் கையைப் பிடித்து இழுத்துப் பக்கக் கதவால் உள்ளே கொண்டுவந்தேன். உள்ளே வந்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். கொஞ்சம் பெரிய சைஸ் கேட்ட அக்கா.

அவளும் என்னைப் பார்த்தாள். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பதற்றமில்லாமல், ஒரு கணக்குச் சரிபார்ப்பதுபோலச் சொன்னாள்.

"தங்கச்சி, நீர் ஊர் எது எண்டு கேட்டீர். நான் சொல்லிப்போட்டன்."

அன்ரி திரும்பி வந்தபோது அவருடைய உதடுகள் நீலமாக இருந்தன. "நாளை காலை வா, பிள்ளையைப் பார்க்க அதிபரோடு பேசி ஒழுங்கு செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நம்பினான்," என்றார். பொலிசுக்கு எடுத்தார். இப்படித் தப்பி வரும் பெண்களை மறைவாகத் தங்கவைக்கும் இல்லம் ஒன்றுக்கும் எடுத்தார். பிறகு ஆசிரியர்கள் கார் விடும் பின்பக்கத்தால் தாயையும் மகளையும் தன் காரில் ஏற்றினார். சிறுமியைப் பின் இருக்கையில் படுக்க வைத்து, தொலைந்துபோன பொருட்கள் பெட்டியிலிருந்த உடுப்புகளால் மூடினார். அவர்கள் அந்தக் கட்டடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. பாத்திரம், பாய், சாமிப்படம் எல்லாம் அங்கேயே கிடந்தன.

அடுத்த நாள் காலை இரண்டு பொலிஸ்காரர் வந்து அலுவலகத்தில் இருந்தார்கள். அவன் வரவில்லை. பேஸ்மென்டுக்கும் அதன் பிறகு வரவில்லை.

அன்று மாலை எல்லாவற்றையும் அன்ரியிடம் சொன்னேன்: படிவம், நிரல், அவனுடைய விரல்.

"எத்தனை பிரதி?"

"ஏழு."

"ஆறையும் திரும்ப எடுக்க வேண்டும்."

"என்னால்தான்," என்றேன்.

"அந்த நிரல் எதற்கு என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை." பென்சில்களை ஒரே நீளத்துக்கு அடுக்கினார். "அவன் என்னையும் எந்த ஊர் என்று கேட்டான், மிஸ். தெருப்பெயர் வரைக்கும் சொன்னேன். எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த மரத்தைக்கூடச் சொன்னேன்."

ஐந்து பிரதிகள் திரும்பி வந்தன. ஆறாவதை அஜின்கோர்ட்டில் இருக்கும் யாருக்கோ கொடுத்ததாக ஒருத்தி சொன்னாள். யாருக்கு என்று நினைவில்லையாம். அந்தச் சனிக்கிழமை மேசையைச் சுற்றிப் பேச்சு வேறு மாதிரி இருந்தது.

"தேப்பன் பிள்ளையைப் பாக்கக் கூடாதோ? உதென்ன நாயம்?"

"வெள்ளைக்காரிக்கு என்ன தெரியும் எங்கட குடும்பங்களைப் பற்றி? பிரிச்சுப்போட்டு இருக்கிறா."

"என்ர மாமிக்கு ஜாக்கற்றை வீட்டுக்குக் கொண்டந்து தந்த மனிசன். அப்பிடிச் செய்யிற முகமே அது?"

"அந்த அக்கா செத்துப்போனா ஆர் பதில் சொல்லுறது?" என்றேன்.

ஒருத்தி கையுறைகளைச் சோடி சேர்த்தபடி, தலை நிமிராமல் சொன்னாள். "நீர் இன்னும் கலியாணம் கட்டேல்லை. கட்டினாப் பிறகு வந்து கதையும்."

அன்ரிக்கு மூன்று தமிழ் வசனங்கள்தான் தெரியும். ஆனால் அந்த மேசை அவர் வரும்போது அமைதியாவதை அவர் கவனித்தார். அடுத்த கிழமைகளிலும் அதே நேரத்துக்கு வந்து, அதே மேசையில் நின்று சப்பாத்துகளைத் துடைத்தார்.

ஒரு பிள்ளை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தால், அந்தப் பள்ளிக்கூடம் எழுத்தில் கேட்கும். கேட்டால் பிள்ளையின் கோப்பை நாங்கள் அனுப்புவோம். சிறுமியின் கோப்பும் அட்டையும் அன்ரியின் இழுப்பறையில் கிடந்தன. "நான் விட்ட இடத்திலிருந்து அவர்களை வேறு இடத்துக்கு மாற்றியிருப்பார்கள். எனக்கும் தெரியாது, தெரியவும் கூடாது," என்றார். ஆனால் அந்தக் கோரிக்கைக் கடிதம் வந்தால், சிறுமி எங்கோ ஒரு வகுப்பில் இருக்கிறாள் என்று அர்த்தம். ஜனவரி முழுக்கக் காலைத் தபாலை அவர் தானே பிரித்தார். பெப்ரவரியிலும். ஒவ்வொரு கடிதத்தையும் மேலிருந்து கீழ்வரை வாசித்துத் தட்டில் போடுவார். செய்தித்தாளில் ஒரு பெண்ணைப் பற்றிய செய்தி வந்த நாட்களில் இருவரும் அதைப் பற்றிப் பேசாமல் வேலை செய்தோம்.

மார்ச்சில் கடிதம் வந்தது. சிறுமியின் பெயர், பிறந்த திகதி, வகுப்பு எல்லாம் சரி. மிசிசாகாவில் ஒரு பள்ளிக்கூடம். கோப்பின் பிரதியை ஒரு தபால் பெட்டி இலக்கத்துக்கு அனுப்பக் கேட்டிருந்தார்கள். "வந்துவிட்டது!" என்று நான் எழுந்துவிட்டேன்.

அன்ரி எழவில்லை. கடிதத்தில் இருந்த தொலைபேசி எண்ணை ஒரு தாளால் மூடினார். கல்விச் சபையின் பதிவேட்டை எடுத்து, அந்தப் பள்ளிக்கூடத்தின் எண்ணைத் தேடி எடுத்தார். பெயரைச் சொன்னார், காத்திருந்தார், நன்றி சொல்லி வைத்தார்.

"அங்கே அப்படி ஒரு பிள்ளை இல்லை. கையெழுத்து வைத்த அதிபரும் இல்லை."

கடிதத்தை என் பக்கம் தள்ளினார். நான் வாசித்தேன். ஓரம் சரியாக விட்டிருந்தது. கோப்பு இலக்கத்துக்கு இடம், பொருள் என்று தனி வரி, பிரதி போகும் இடங்கள் கீழே வரிசையாக. பேக்கரியில் மாக் குழைத்தவன் தானாகச் செய்த கடிதம் அல்ல. எங்கோ ஓர் அலுவலகத்தில் வேலை செய்யும் எங்கள் ஆள் ஒருவர், வேலை முடிந்து உட்கார்ந்து, ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைக்கிறேன் என்று நினைத்து, நேர்த்தியாகச் செய்து கொடுத்திருக்கிறார். அது யார் என்று என்னால் ஊகிக்க முடியவில்லை. ஆனால் அவர் எப்படி உட்கார்ந்திருப்பார், எத்தனை முறை சரிபார்த்திருப்பார் என்று எனக்குத் தெரிந்தது.

"அப்படியென்றால் அவனுக்கு இன்னும் தெரியாது," என்றார் அன்ரி. மூன்று மாதத்தில் முதல் முறையாகக் கதிரையில் முதுகைச் சாய்த்தார். "தெரிந்திருந்தால் இதை எழுதத் தேவையில்லை."

"இன்னும் எழுதுவானா?"

"எழுதுவான். உதவ ஆட்கள் இருக்கிறார்கள்."

கடிதத்தைச் சிறுமியின் கோப்புக்குள் வைத்து இழுப்பறையைப் பூட்டினார். பிறகு தொலைபேசியை மறுபடி எடுத்தார். தாயையும் மகளையும் விட்ட இல்லத்துக்கு அறிவிக்க வேண்டும். முதல் எண்ணில் விரலை வைத்துக்கொண்டு, அழுத்தாமல், என்னைப் பார்த்தார்.

நான் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். அங்கே நின்றாலும் குரல் கேட்கும் போல இருந்தது. நடைபாதையின் மறு முனைவரை நடந்தேன்.